தேனீயின் வயிற்றிலும் ஓர் உறைமோர்

தேனீக்களுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் மருந்தைப் பற்றி நம் சங்கப் பத்திரிகைக்கு எழுதப் போகிறேன் என்றதும் என் கணவர் சிரித்தார். "பென்ஷன், ரயில் டிக்கெட், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க வராதது, இதையெல்லாம் விட்டுவிட்டுத் தேனீயா?" என்றார். ரயில் டிக்கெட்டைப் பற்றி எழுத நம்மிடையே பலர் இருக்கிறார்கள். அவர்கள் எழுதி எழுதியும் மே மாதத்தில் ஊருக்குப் போக டிக்கெட் கிடைத்தபாடில்லை. தேனீயைப் பற்றி எழுதினால் அந்த அளவுக்காவது பலன் இருக்கும் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் தில்லியில் ஒரு வேளாண் ஆய்வுக்கூடத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். விஞ்ஞானி அல்ல, விஞ்ஞானிகளுக்குக் கண்ணாடித் தட்டுகளில் அகார் ஊற்றிக் கொடுத்தவள். பாக்டீரியாவை வளர்த்துத்தான் என் இரண்டு பெண்களையும் வளர்த்தேன். அதனாலோ என்னவோ, பாக்டீரியா என்றாலே கிருமி, கிருமி என்றாலே கொல்ல வேண்டியது என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுப்பதில்லை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நோய் இருக்கிறதா இல்லையா என்று பாராமல், சர்க்கரைப் பாகில் ஆன்டிபயாடிக் பவுடரைக் கலந்து தேனீப் பெட்டிகளில் ஊற்றும் பழக்கம் நிற்க வேண்டும். அந்தப் பழக்கத்துக்குப் பெட்டிக்காரர்களை மட்டும் குறை சொல்லிவிட்டு நாம் ஒதுங்க முடியாது.

டிசம்பர், ஜனவரியில் ஜெய்ப்பூருக்கோ பரத்பூர் பறவைகளைப் பார்க்கவோ குடும்பத்தோடு போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சாலையின் இருபுறமும் மஞ்சள் கரை போட்ட பச்சைப் புடவை விரித்தாற்போல் கடுகு வயல்கள். ஓரத்தில் வரிசையாக மரப்பெட்டிகள், பக்கத்தில் ஒரு தார்ப்பாய்க் கூடாரம். நம்மவர்கள் வண்டியை நிறுத்தி, பூவோடு படம் எடுத்துக்கொண்டு, கூடாரத்தில் ஒரு பாட்டில் தேன் வாங்கிக்கொண்டு கிளம்புவார்கள். அந்தப் பெட்டிகள் அங்கே பிறந்தவை அல்ல. ஹரியானாவிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் பீகாரிலிருந்தும் லாரியில், இரவோடு இரவாக வந்தவை. கடுகு முடிந்ததும் சில பெட்டிகள் முசாஃபர்பூர் லிச்சித் தோப்புக்குப் போகும். சில ஹிமாசலத்து ஆப்பிள் தோட்டங்களுக்கு வாடகைக்குப் போகும். கடுகு தன் மகரந்தத்தாலேயே ஓரளவு காய்க்கும். தேனீ வந்தால் காய்ப்பு கூடும். ஆப்பிளின் கதை வேறு. பெரும்பாலான ஆப்பிள் ரகங்களுக்கு வேறு ரகத்தின் மகரந்தம் வந்து சேர்ந்தால்தான் காய் பிடிக்கும். ஆகவே நாம் தாளிக்கிற கடுகிலும், ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போகும்போது வாங்குகிற ஆப்பிளிலும் இந்த லாரிப் பயணிகளின் உழைப்பு கொஞ்சமாவது இருக்கிறது.

இந்தப் பெட்டிகளில் இருப்பது இத்தாலியத் தேனீ. அதுவும் நம்மைப் போல வெளியூரிலிருந்து வந்து குடியேறியதுதான். 1960-களின் தொடக்கத்தில் காங்ரா பகுதியில் உள்ள நக்ரோட்டாவில் பஞ்சாப் வேளாண் விஞ்ஞானிகள் அதை வெற்றிகரமாக நிலைபெறச் செய்தார்கள். காங்ரா அன்று பஞ்சாபில் இருந்தது. 1966-க்குப் பிறகு ஹிமாசலம். வந்த தேனீ வெறுங்கையோடு வரவில்லை. ஊரை விட்டுக் கிளம்பும்போது நம் அம்மாக்கள் ஒரு சின்ன டப்பாவில் மோர் எடுத்துக்கொண்டு ரயிலேறிய மாதிரி, அது தன் வயிற்றுக்குள் தன் ஊர் பாக்டீரியாவைச் சுமந்துகொண்டு வந்தது.

உறைமோரைச் சும்மா உவமைக்காக இழுக்கவில்லை. காரியம் கிட்டத்தட்ட அப்படித்தான் நடக்கிறது. தில்லியில் ஜனவரி மாதம் தயிர் தோய்ப்பது என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியும். பாலைக் காய்ச்சி, ஆற்றி, உறை ஊற்றி, பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி, அரிசி டின்னுக்குள் வைத்தாலும் காலையில் பாலாகவே இருக்கும். அப்போது எதிர் வீட்டு மாமியிடம் ஒரு ஸ்பூன் உறை கடன் வாங்குவோம். கடையில் வாங்கின தயிர் இருந்தாலும் மாமியின் உறைதான் சரியாக வரும் என்று ஒரு நம்பிக்கை. தேனீக்கும் இப்படி ஒரு கடன் உண்டு. கூட்டுப்புழுவாக இருந்து சிறகு முளைத்து அறையைக் கடித்துக்கொண்டு வெளியே வரும் இளம் தேனீயின் குடலில் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. காய்ச்சி ஆற்றிய பால் மாதிரி. பிறகு சில நாட்களுக்குள், கூட்டில் உள்ள மூத்த தேனீக்களோடு உரசி, அடையில் நடந்து, அவற்றின் கழிவு பட்ட இடங்களை வாயால் தொட்டு, அந்தக் கூட்டின் உறையை வாங்கிக்கொள்கிறது. ஒரு வாரத்துக்குள் குடல் நிறைந்துவிடும். நன்றாக வளர்ந்த வேலைக்காரத் தேனீ ஒன்றின் வயிற்றில் நூறு கோடி வரைக்கும் பாக்டீரியா இருக்கலாம்.

மனிதக் குடலில் நூற்றுக்கணக்கான வகைகள் கலந்து கிடக்கின்றன. தேனீயின் குடலிலோ ஏறக்குறைய ஒன்பது வகைகளே பெரும்பகுதி. இடமும் ஒதுக்கியாயிற்று. ஸ்நாட்கிராஸெல்லா என்ற வகை குடல் சுவரை ஒட்டி ஒரு பாய் மாதிரிப் படிந்துகொள்ளும். அதன் மேல் கில்லியமெல்லா உட்காரும். கீழே இருப்பது ஆக்ஸிஜனை உறிஞ்சிக்கொள்கிறது. அதனால் காற்று ஆகாத மற்ற வகைகள் உள்ளே சௌக்கியமாக வாழ முடிகிறது. கில்லியமெல்லா மகரந்தத்தின் கெட்டியான சுவரில் இருக்கும் பெக்டினை உடைக்கிறது. தேனீக்கே விஷமாகக்கூடிய மானோஸ் போன்ற சில சர்க்கரைகளையும் அது தின்று தீர்க்கிறது. பின்குடலின் கடைசியில் லாக்டோபாசில்லஸ் கூட்டம்; நம் தயிர்ப் பாத்திரத்துக்குத் தூரத்துச் சொந்தம். மேலே சொன்ன இரண்டு பெயர்களையும் 2012-ஐ ஒட்டிய ஆண்டுகளில் வால்டன் க்வாங், நான்சி மோரன் என்ற இருவர் வைத்தார்கள். முதலாவது பூச்சிகளின் உடலமைப்பை ஆராய்ந்த ஸ்நாட்கிராஸ் நினைவாக. இரண்டாவது மார்த்தா கில்லியம் என்ற பெண்மணியின் பெயர். தேனீயின் நுண்ணுயிர்களைப் பற்றி அதிகம் பேர் கவலைப்படாத காலத்திலேயே அமெரிக்காவில் அதில் உழைத்தவர். ஆய்வுக்கூடத்துப் பெண்களின் பெயர் பாக்டீரியாவுக்காவது வைக்கப்படுவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேனீயின் பாக்டீரியா எந்தத் தேனீயிடமும் போய் ஒட்டிக்கொள்வதில்லை. வண்டு போலப் பருத்த பம்பிள் தேனீயின் வயிற்றிலும் ஸ்நாட்கிராஸெல்லா உண்டு. ஆனால் அதை எடுத்துத் தேனீக்குக் கொடுத்தால் நிலைப்பதில்லை என்று 2014-ல் காட்டினார்கள். கூடி வாழும் தேனீ இனங்களும் அவற்றின் குடல்வாசிகளும் எட்டு கோடி ஆண்டுகளாகச் சேர்ந்தே வந்திருப்பதாகக் கணிக்கிறார்கள். அத்தனை காலத்து ஒட்டுறவை நாம் ஒரு பொட்டலம் பவுடரால் கலைக்கிறோம்.

சென்ற ஆண்டுக் குளிர்காலத்தில் அல்வர் சாலையில் ஒரு பெட்டிக்காரரிடம் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தேன். சஹாரன்பூர்க்காரர். மழைக்காலத்தில் எங்கேயும் பூ இருக்காது. அப்போது சர்க்கரைப் பாகு காய்ச்சி வைப்பாராம். "அந்தப் பாகிலேயே கொஞ்சம் பவுடர் போட்டுவிடுவோம், மாதாஜி" என்றார்.

"நோய் வந்த பெட்டிக்கு மட்டுமா பாயி சாஹிப், எல்லாவற்றுக்குமா?"

"எல்லாவற்றுக்கும்தான். ஒரு பெட்டியில் புழு அழுகினால் மறுவாரம் பத்துப் பெட்டியில் அழுகும். வந்த பிறகு என்ன செய்வது?"

"யாரிடமாவது காட்டிக் கேட்கலாமே?"

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "மாட்டுக்கு டாக்டர் இருக்கிறார். மக்கிக்கு யார் டாக்டர்?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அரசாங்கத்திடமும் சரியான பதில் இருக்கிறது என்று நான் நினைக்கவில்லை. கடன் வாங்கிப் பெட்டி சேர்த்தவர் அவர். நூறு பெட்டியில் முப்பது போனால் அந்த வருஷம் போயிற்று. அவர் பவுடர் போடுவது பேராசையால் அல்ல, பயத்தால். வீட்டில் குழந்தைக்குச் சளி பிடித்தால் போன தடவை டாக்டர் எழுதிக்கொடுத்ததில் மிச்சம் இருந்த மாத்திரையை டின்னிலிருந்து எடுத்துக் கொடுக்கிறோமே, அதே பயம்தான்.

ஆனால் பயத்தில் செய்வதும் தவறாக இருக்கலாம். இங்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள். புழு அழுகல் நோய் வருவது புழுவுக்கு. அதில் இரண்டு வகை உண்டு. இரண்டுமே பாக்டீரியாவால் வருவன. ஐரோப்பிய அழுகல் என்பது பெரும்பாலும் கூடு பலவீனமாக இருக்கும்போது வந்து, பூவும் மகரந்தமும் பெருகினால் தானே அடங்கக்கூடியது. அமெரிக்க அழுகல் பொல்லாதது. அதன் வித்துகள் பல பத்தாண்டுகள் மரச் சட்டத்திலேயே கிடக்கும். ஆன்டிபயாடிக் அந்த வித்துகளைத் தொடவே தொடாது. மருந்து கொடுக்கும் வரை நோய் ஒளிந்திருக்கும், நிறுத்தினால் தலைகாட்டும். ஆக, நோய் புழுவுக்கு. பாக்டீரியாக் கூட்டம் வாழ்வதோ வளர்ந்த தேனீயின் குடலில். மருந்து கலந்த பாகை எடுத்துக் குடிப்பதும் வளர்ந்த தேனீதான். தம்பிக்கு வந்த நோய்க்கு அக்காவின் வயிற்றைச் சுத்தம் செய்கிற வைத்தியம் இது.

சுத்தம் செய்தால் என்ன ஆகும் என்பதை டெக்சாஸ் பல்கலைக் கழகத்தில் நான்சி மோரன் குழுவினர் சோதித்தார்கள், 2017-ல் வெளியிட்டார்கள். பெட்டிக்காரர்கள் பயன்படுத்தும் டெட்ராசைக்ளினை ஐந்து நாள் பாகில் கொடுத்து, அந்தத் தேனீக்களுக்கு அடையாளம் இட்டு, திரும்பக் கூட்டிலேயே விட்டார்கள். மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது மருந்து உண்ணாத தேனீக்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கூட்டில் இருந்தன. மருந்து உண்டவற்றில் மூன்றில் ஒரு பங்குதான். சாவுக்குக் காரணம் மருந்தின் விஷம் மட்டும் அல்ல என்பதையும் காட்டினார்கள். குடலில் காலியான இடத்தில் செராஷியா போன்ற சாதாரணக் கிருமிகள் வந்து உட்கார்ந்துகொள்கின்றன. நல்ல குடித்தனக்காரரைக் காலி செய்துவிட்டு வீட்டைத் திறந்து போட்டால் யார் வந்து புகுவார்கள் என்று தில்லியில் வீடு வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

பம்பிள் தேனீயிலும் இதே பாடம். 2011-ல் ஸ்விட்சர்லாந்தில் கோக், ஷ்மிட்-ஹெம்பல் என்ற இருவர் குடல் பாக்டீரியா இல்லாமல் வளர்த்த பம்பிள் தேனீக்களுக்கு ஓர் ஒட்டுண்ணியைக் கொடுத்தார்கள். பாக்டீரியா உள்ளவை தாக்குப் பிடித்தன. இல்லாதவற்றில் ஒட்டுண்ணி பெருகிற்று. அந்தப் பாதுகாப்பு கூட்டாளிகளின் கழிவு வழியாகவே வருகிறது என்றும் கண்டார்கள். தக்காளிக்குக் குலுக்கி மகரந்தம் உதிர்க்கும் தேனீ அது. கேட்க அருவருப்பாக இருந்தாலும் இயற்கை நம் சுத்த பத்தத்தைக் கேட்டுக்கொண்டு காரியம் செய்வதில்லை.

இன்னொரு விளைவு மெதுவாக வருவது. அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பெட்டிகளுக்கு டெட்ராசைக்ளின் கொடுத்து வந்தார்கள். 2012-ல் அங்கத்தியத் தேனீக்களின் குடலைச் சோதித்தபோது அந்த மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் குவிந்து கிடந்தன. மருந்து கொடுக்கும் வழக்கம் இல்லாத நாடுகளின் தேனீக்களில் அவை மிகக் குறைவு. இது நல்ல பாக்டீரியாவுக்குக் கிடைத்த கவசம்தானே என்று சிலர் சொல்லக்கூடும். பாக்டீரியாக்கள் இந்த மரபணுக்களைத் தங்களுக்குள் கைமாற்றிக்கொள்ளும் என்பதுதான் சங்கடம். புழு அழுகல் கிருமியும் அங்கே டெட்ராசைக்ளினுக்கு மசியாமல் போனது. வேறு மருந்துகளுக்குப் போனார்கள். கடைசியில் 2017 முதல் கால்நடை மருத்துவர் எழுதிக்கொடுத்தால்தான் தேனீக்கு ஆன்டிபயாடிக் என்று சட்டம் கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய நாடுகளில் தேனீக்கென்று அங்கீகரிக்கப்பட்ட ஆன்டிபயாடிக்கே கிடையாது. அமெரிக்க அழுகல் வந்த பெட்டியை எரிப்பது பல நாடுகளின் வழக்கம். எரிப்பது கொடுமை மாதிரித் தோன்றும். பக்கத்துப் பெட்டிகளை நினைத்தால் அப்படித் தோன்றாது.

நம் நாட்டில் இந்தப் பேச்சு தேனீயின் நலத்தை முன்னிட்டு எழவில்லை, ஏற்றுமதியால் எழுந்தது. 2010 ஜூனில் ஐரோப்பிய யூனியன் இந்தியத் தேனை வாங்குவதை நிறுத்தியது. ஈயம் ஒரு காரணம், ஆன்டிபயாடிக் எச்சம் இன்னொரு காரணம். 2011 கடைசியில்தான் தடை நீங்கிற்று. அதே 2010-ல் தில்லியில் உள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் கடையில் விற்கும் 12 தேன் மாதிரிகளைச் சோதித்ததில் 11-ல் ஆன்டிபயாடிக் இருந்தது. வெளிநாட்டு லேபிள் ஒட்டியவையும் இதற்கு விலக்கு அல்ல. அதன் பிறகு கம்பெனிகள் உஷாராயின, பரிசோதனைகள் பெருகின. ஆனால் பரிசோதனை பார்ப்பது பாட்டிலுக்குள் எவ்வளவு இருக்கிறது என்பதை மட்டும். மழைக்காலத்தில் கொடுத்த மருந்து கடுகுத் தேன் எடுக்கும் காலத்துக்குள் குறைந்து, தேன் பாஸாகிவிடலாம். தேனீயின் குடலில் நேர்ந்ததை எந்த லேபிளும் சொல்லாது.

நம் வீடுகளில் தேன் பெரும்பாலும் மருந்தோடுதான் உள்ளே வருகிறது. திப்பிலிப் பொடியைத் தேனில் குழைத்துக் கொடு, சூரணத்துக்கு அனுபானம் தேன் என்று பாட்டி காலத்திலிருந்து பழக்கம். அனுபானத்துக்குள்ளேயே இன்னொரு மருந்து ஒளிந்திருந்தால் எந்த வைத்தியர் கணக்கு வைத்துக் கொடுப்பார்? இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. பிறந்த குழந்தையின் நாக்கில் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் நம்மில் இன்னும் இருக்கிறது. தேன் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் ஒரு வயது நிறையாத குழந்தைக்குக் கூடாது. பாட்யுலிசம் என்ற கொடிய நோயின் வித்துகள் அதில் இருக்கலாம். பெரியவர்களின் வயிறு சமாளிக்கும், சிசுவின் வயிறு சமாளிக்காது. அதற்கும் காரணம் குடல் பாக்டீரியா இன்னும் முழுமையாக அமையாததுதான். பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

களைக்கொல்லியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளைஃபோசேட் பூச்சியைக் கொல்லாது, செடிக்கு மட்டும்தான் என்று விற்றார்கள். அது தடுக்கும் நொதி செடியில் இருப்பது உண்மை. மனிதனிலும் தேனீயிலும் இல்லை என்பதும் உண்மை. ஆனால் தேனீயின் குடலில் உள்ள ஸ்நாட்கிராஸெல்லா உள்ளிட்ட பல பாக்டீரியாவில் அந்த நொதி இருக்கிறது. 2018-ல் வெளியான ஆய்வில், கிளைஃபோசேட் உண்ட தேனீக்களில் ஸ்நாட்கிராஸெல்லா குறைந்தது. பிறகு ஒரு கிருமியைக் கொடுத்தபோது சாதாரணத் தேனீக்களில் எட்டு நாளில் பாதி பிழைத்திருக்க, இவற்றில் பத்தில் ஒன்றுதான் பிழைத்தது. இது ஆய்வுக்கூடத்தில் கண்டது; திறந்த வயலில் பாதிப்பு இதே அளவா என்பதில் விஞ்ஞானிகளிடையே வாதம் இருக்கிறது. எனக்கு அந்த வாதத்தில் இறங்கத் தகுதி இல்லை. ஒரு பொருள் பாதுகாப்பானதா என்று பார்க்கும்போது தேனீ உடனே செத்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது, அதன் குடித்தனக்காரர்களையும் பார்க்க வேண்டும் என்பதற்கு மட்டும் இதைச் சாட்சியாக வைக்கிறேன்.

தெற்கே நம் ஊர்ப் பக்கம் அனுபவம் வேறு. அங்கே முக்கியமானது நம் நாட்டு அடுக்குத் தேனீ. கன்னியாகுமரி மாவட்டத்தில் மார்த்தாண்டத்தைச் சுற்றி ரப்பர்த் தோட்டங்களில் பெட்டி வைத்துப் பிழைத்த குடும்பங்கள் ஏராளம். 1990-களின் தொடக்கத்தில் தாய்லாந்துப் பைப்புழு நோய் தென்னிந்தியா முழுக்கப் பரவி அந்தத் தேனீக்களைக் கூட்டம் கூட்டமாக அழித்தது. அது வைரஸ் நோய். வைரஸுக்கு ஆன்டிபயாடிக் ஒரு பயனும் செய்யாது. பெட்டிக்குள் புழு செத்துக் கிடப்பதைப் பார்த்தால் அது எந்த நோயால் என்று வெறும் கண்ணுக்கு எளிதில் விளங்காது. சஹாரன்பூர்க்காரர் கேட்ட கேள்வி அதனால்தான் முக்கியம். என்ன நோய் என்று சொல்ல ஆள் இல்லாத இடத்தில் எல்லா நோய்க்கும் ஒரே பவுடர் என்றுதான் ஆகும்.

கடைகளில் இப்போது தேனீக்கும் புரோபயாடிக் என்று பாக்கெட்டுகள் விற்கிறார்கள். முதலில் ஆன்டிபயாடிக், பிறகு புரோபயாடிக், இரண்டுக்கும் ஒரே கடைக்காரர். இவற்றில் பெரும்பாலும் இருப்பது தயிரிலும் மாட்டுத் தீவனத்திலும் இருக்கிற வகைகள். தேனீயின் குடலில் குடியேறக்கூடியவை அல்ல. எதிர் வீட்டு மாமியின் உறைக்குப் பதில் ஈனோ சால்ட் போட்டுத் தயிர் தோய்க்கிற மாதிரி. கெட்டுப்போன கூட்டுக்கு ஆரோக்கியமான கூட்டின் அடையையும் தேனீக்களையும் கொஞ்சம் சேர்ப்பது, நல்ல ராணியை மாற்றுவது, பெட்டிகளை நெருக்கியடித்து வைக்காமல் இருப்பது, பழைய அடைகளை உருக்கிவிட்டுப் புதிதாகக் கட்ட விடுவது, சர்க்கரையை மட்டுமே நம்பாமல் மகரந்தம் கிடைக்கும் இடத்தில் பெட்டியை வைப்பது என்று நல்ல தேனீ வளர்ப்பாளர்கள் சொல்கிறார்கள். இதெல்லாம் பவுடரைவிட மெனக்கெட்ட வேலை. தேனுக்குக் கிடைக்கும் விலை அந்த மெனக்கெடலுக்குக் கட்டுப்படி ஆக வேண்டும்.

அந்தக் கட்டுப்படி விஷயத்தில்தான் நாம் வருகிறோம். மத்திய அரசு 2020-ல் தேனுக்கென்று 500 கோடி ரூபாயில் ஒரு தேசிய இயக்கம் அறிவித்தது. நல்ல காரியம்தான். அதைப் பற்றி வரும் செய்திகளில் எத்தனை பெட்டி, எத்தனை டன் என்றுதான் அதிகம் பேச்சு. பணத்தில் ஒரு பங்கு, கடுகுப் பருவத்தில் பெட்டிகள் கூடும் இடங்களிலேயே நோய் அறியும் வசதிக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. செத்த புழுவை ஒரு குப்பியில் போட்டுக் கொடுத்தால் நான்கு நாளில் விடை தெரிய வேண்டும். விடை தெரிந்த பிறகு, தேவைப்பட்டால், எழுதிக்கொடுத்த அளவில் மருந்து. பெட்டியை எரிக்க வேண்டி வந்தால் நஷ்ட ஈடு. இல்லையென்றால் எந்த ஏழை தன் பெட்டிக்குத் தானே தீ வைப்பான்?

வாங்குகிற நாம் மொத்தச் சந்தையில் தேன் விலை அடிமட்டத்துக்கு இறங்கும்போதெல்லாம் "ஒன்றுக்கு ஒன்று இலவசம்" என்று மகிழ்ந்து இரண்டு பாட்டில் எடுத்துவருகிறோம். அந்த இலவசத்தை யாரோ ஒருவர் தார்ப்பாய்க் கூடாரத்தில் குளிரில் உட்கார்ந்து கொடுக்கிறார். 2020-ல் அதே தில்லி மையம் தேனில் சர்க்கரைப் பாகு கலப்படத்தை வெளியே கொண்டுவந்தபோது, பாகோடு போட்டி போட முடியாமல் நிஜத் தேன்காரர்கள் தொழிலை விடுகிறார்கள் என்று செய்தி வந்தது. நஷ்டத்தில் நடக்கும் தொழிலில் தேனீயின் குடலைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?

சங்கத்துக்கு என் யோசனை ஒன்று உண்டு. பொங்கல் விழாவில் கரும்பு, மஞ்சள் கொத்து, புடவை, அப்பளம் என்று கடை போடுகிறோம். பொங்கல் சமயம் கடுகு பூத்திருக்கும் சமயமும்கூட. இரண்டு மூன்று மணி நேரப் பயணத்தில் இந்தப் பெட்டிக்காரர்கள் இருக்கிறார்கள். இரண்டு பேரை அழைத்து ஒரு மேஜை கொடுப்போம், வாடகை வேண்டாம். கடை விலையைவிடக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடவே கொடுத்து வாங்குவோம். வாங்கும்போது, சுத்தத் தேனா என்ற வழக்கமான கேள்வியோடு, மழைக்காலத்தில் பாகில் என்ன கலந்தீர்கள் என்றும் கேட்போம். ஹிந்தி தட்டுத்தடுமாறிப் பேசுகிற மாமிகளும் கேட்கலாம். தில்லியில் காய்கறிக்காரரிடம் பேரம் பேசியே பழகிய ஹிந்தி இதற்குத் தாராளமாகப் போதும். கலந்தேன் என்று உண்மையைச் சொல்பவரிடமும் வாங்குவோம், அடுத்த வருஷம் கலக்காமல் கொண்டுவந்தால் முன்பணம் தருகிறோம் என்று சொல்லி. செயற்குழு இதைப் பரிசீலிக்க வேண்டும். சஹாரன்பூர்க்காரரின் போன் நம்பர் என்னிடம் இருக்கிறது. அவர் மார்ச்சில் லிச்சிக்குக் கிளம்பிவிடுவார். அதற்குள் சொன்னால் நல்லது.